தவறான எரிபொருளைத் தடுக்கும் வாகன வடிவமைப்பு

பெற்றோல் வாகனத்தில் டீசலை நிரப்புவது கடினம். டீசல் வாகனத்தில் பெற்றோலை நிரப்புவதோ எளிது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் குழாய் முனையின் பருமனே. பிரித்தானிய எரிபொருள் நிலையங்களில் பெற்றோல் குழாயின் முனை ஏறத்தாழ 21 மில்லிமீற்றர் விட்டமுடையது. டீசல் முனை ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் விட்டமுடையது. ஆகவே, அகன்ற டீசல் முனை பெற்றோல் தாங்கியின் ஒடுங்கிய வாயினுள் நுழையாது. ஈயம் கலந்த பெற்றோல் விற்பனையில் இருந்த காலத்தில், அது வினையூக்கி மாற்றி பொருத்திய வாகனங்களுக்குள் செல்லாதிருக்கவே இவ்வொடுங்கிய வாய் வகுக்கப்பட்டது.

டீசல் வாகனங்கள் பலவற்றிற்கு இப்பாதுகாப்பு இல்லை. மெல்லிய பெற்றோல் முனை அவற்றின் வாயினுள் தடையின்றிச் செல்லும். இக்குறையை நீக்கத் தயாரிப்பாளர் சிலர் தாங்கியின் வாயில் தடுப்பு ஒன்றை அமைத்துள்ளனர். அகன்ற முனை அதன் தாழ்களை ஒருங்கே விலக்கினால் மட்டுமே அது திறக்கும். உங்கள் வாகனத்தில் இது உண்டா என்பதை வாகனக் கையேட்டில் காணலாம். இல்லையெனில், தனியே வாங்கிப் பொருத்தும் தடுப்புகளும் உள்ளன.

டீசல் வாகனத்தின் உயரழுத்தப் பம்பி, டீசலின் வழுவழுப்பினாலேயே தேயாமல் இயங்குகிறது. பெற்றோலுக்கு அத்தன்மை குறைவு. பெற்றோல் கலந்த நிலையில் இயந்திரத்தை இயக்கினால் பம்பி தேயும். உலோகத் துகள்கள் எரிபொருள் செல்லும் வழியெங்கும் பரவும். தாங்கியை வெறுமையாக்குவதோடு முடியக்கூடிய செலவு, பல பாகங்களை மாற்றும் பெருஞ்செலவாகிவிடும்.

நிரப்புமுன் கவனிக்க:
• வட்ட அடையாளம் பெற்றோலையும் (ஈ5, ஈ10) சதுர அடையாளம் டீசலையும் (பி7) குறிக்கும். புதிய வாகனங்களின் மூடியருகிலும் இவ்வடையாளம் உண்டு.
• நிறத்தை மட்டும் நம்பற்க. இங்கு பொதுவாகப் பச்சைக் கைபிடி பெற்றோலுக்குரியது. அமெரிக்காவின் பல நிலையங்களில் பச்சை டீசலைக் குறிக்கும்.
• நீல மூடியுள்ள வாய் அட்புளூ திரவத்திற்குரியது. அத்திரவத்தை டீசல் தாங்கியில் ஊற்றலாகாது.
• இரவல் அல்லது வாடகை வாகனமாயின், புறப்படுமுன் எரிபொருள் வகையைக் கேட்டறிக.

தவறு நேர்ந்தால்:
• இயந்திரத்தை இயக்காதீர்கள், சாவியையும் திருப்பாதீர்கள்.
• நிலைய ஊழியரிடம் தெரிவித்து, அவரது உதவியுடன் வாகனத்தைத் தள்ளி ஓரமாக நிறுத்துங்கள்.
• வாகன மீட்புச் சேவையை அழையுங்கள். காப்புறுதி இத்தகைய தவறை உள்ளடக்குகிறதா எனவும் பாருங்கள்.
• எரிபொருளை நீங்களே வெளியேற்றவோ வடிகாலில் ஊற்றவோ வேண்டாம். அது தீயாபத்தையும் நீர் மாசையும் விளைவிக்கும்.