கல்லாவை விட்டு இறங்கியவர்



உங்கள் சிறுகதையை இரண்டு முறை படித்தேன். நாற்பது வருடம் மளிகைக் கடை நடத்திய பெரியவர், மனைவியின் பிடிவாதத்துக்காகக் கடையைக் கைமாற்றிவிட்டு, நகரத்து அடுக்குமாடி வீட்டில் செய்வதறியாமல் உட்கார்ந்திருக்கிறார். நல்ல கரு. ஆனால் நாலு பக்கத்துக்குள் அவரை மூன்று முறை அழ வைத்துவிட்டீர்கள். அந்த அழுகையை நான் நம்பவில்லை.

பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கின் கோரியோ கிழவரை நினைத்துப் பாருங்கள். 1835-இல் நூலாக வந்த நாவல். கோரியோ பாரீஸில் சேமியா வியாபாரி. தானியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மந்திரியாக்கலாம் போலிருக்கும். கடையை விட்டு வெளியே வந்தால் நாடகக் கொட்டகையில் தூங்கிவிடுவார். மகள்கள் இருவரும் பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டார்கள். அப்பா இன்னும் சேமியா விற்பது அவர்களுக்கும் மருமகன்களுக்கும் கௌரவக் குறைச்சல். ஐந்து வருடம் நச்சரித்துக் கடையை விட வைக்கிறார்கள். பிறகு ஒரு நாள், தங்கும் விடுதியின் சாப்பாட்டு மேசைக் கடைக்கோடியில் உட்கார்ந்து, கைத்துண்டுக்கு அடியில் இருந்த ரொட்டியை எடுத்து மோந்து பார்க்கிறார். பழைய வியாபாரப் பழக்கம். பால்சாக் இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். எனக்கு அந்த நாவலில் மறக்காத இடம் அதுதான்.

உங்கள் பெரியவருக்கு அப்படி ஒரு மூக்கு இல்லை, கையும் இல்லை. நம் ஊர் மளிகைக்காரர் உடம்பில் எவ்வளவு இருக்கிறது! மல்லியைக் கசக்கி மோந்து பார்ப்பார். பருப்பை ஒன்று எடுத்துக் கடித்துப் பார்ப்பார். செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டிப் பொட்டலம் மடித்து, மேலே தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்துச் சுற்றி, விரலாலேயே வெட்டி அறுப்பார். படியால் அளக்கும்போது ‘ஒன்று’ என்று தொடங்க மாட்டார். ‘லாபம்’ என்று சொல்லிவிட்டுத்தான் இரண்டு, மூன்று. அடுக்குமாடி வீட்டில் மருமகள் உலைக்கு அரிசி அளந்து தரச் சொல்லட்டும். முதல் டம்ளருக்கு அவர் வாய் தன்னால் ‘லாபம்’ என்று சொல்லட்டும். அதற்குமேல் அந்தக் காட்சியில் ஒரு வார்த்தை வேண்டாம்.

பெரியவரின் மனைவிக்கு, அந்த அம்மாளுக்கு, நீங்கள் செய்திருப்பது அநியாயம். பட்டுப்புடவை, குடியிருப்போர் சங்கத் தேர்தல், பணக்காரச் சம்பந்திகளிடம் இளிப்பு என்று மூன்று கோடுகளில் ஒரு பொம்மையைப் போட்டுவிட்டீர்கள். என் அப்பாவும் கடைக்காரர்தான். கடைக்குப் பின்னால் வீடு, நடுவே ஒரு திரை. மிளகாய் மூட்டை பிரித்த அன்று நாங்கள் தும்மிக்கொண்டே பாடம் படித்தோம். சொந்தக்காரர் கல்யாணங்களுக்கு அம்மா தனியாகவே போய் மொய் எழுதிவிட்டு வந்தாள். எந்தப் படத்தையும் அவள் முதலிலிருந்து பார்த்ததில்லை. கடை சாத்திவிட்டுப் போவதற்குள் இரண்டாம் ஆட்டத்தில் அரை மணி நேரம் ஓடியிருக்கும். எங்கே போனாலும் ‘கடைக்காரர் சம்சாரம்’. ‘ரிட்டயர்டு’ என்ற சொல்லைத் தெருவிலிருந்த தாசில்தார் வீட்டு அம்மாள் சொல்லும்போது, என் அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கதையில் அந்த அம்மாள் கேட்பதும் அந்தச் சொல்லைத்தான். அதை அந்தஸ்து ஆசை என்று எழுதுங்கள், தப்பில்லை. எத்தனை வருடத்து ஆசை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

கடைசியில் பெரியவரைச் சாகடித்திருக்கிறீர்கள். அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, வேறொருவர் உட்கார்ந்திருக்கும் அந்தப் பழைய கடைக்குக் கால் கிலோ மல்லி வாங்க அந்த அம்மாளை ஒரு நாள் அனுப்பிவையுங்கள். வாடிக்கையாளராக அவள் அந்தப் படியில் நிற்பது அதுவே முதல் தடவையாக இருக்கும். அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்து எழுதி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.