பழைய எம்.ஜி. காரின் பூர்வீகம் அறிவது எப்படி? முதன்முறை வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து செங்குன்றம், காரனோடை, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் சோழவரத்தைக் கடந்துதான் போக வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அங்கே இருந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அதில் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடத்தியது. 1990இல்தான் இருங்காட்டுக்கோட்டையில் புதுத் தளம் வந்தது. அதனால் “சோழவரத்தில் ஓடிய வண்டி” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விலை ஏறிவிடும். அந்த வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்காமல் இருக்கத்தான் இந்த வழிகாட்டி.

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1945 முதல் 1949 வரை தயாரான எம்.ஜி. டி.சி. என்ற இருவர் காரை மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற கார்களுக்கும் முறை இதுதான்.

தொடங்கும் முன்: எதையும் தேய்க்காதீர்கள்

கார் கிடைத்ததும் பெயிண்ட் சுரண்டி, பாலிஷ் போட்டு, பிறகு ஆவணம் தேடுவதுதான் வழக்கம். இது தலைகீழான வழி. துருவுக்கு அடியில் உள்ள எண், பழைய பெயிண்டின் அடுக்குகள், தேய்ந்த தகடு ஆகியவைதான் உங்களுக்கு இருக்கும் சாட்சிகள். எமரி காகிதம் பட்டால் அவை போய்விடும், திரும்பக் கிடைக்காது. பார்த்து முடிக்கும்வரை மண்ணெண்ணெயில் நனைத்த துணி மட்டும் போதும்.

படி 1: சேஸிஸ் எண்

முன்சக்கரங்களுக்கு முன்னால் நீளும் சட்டத்தின் இடப்பக்க முனையில் எண்ணைத் தேடுங்கள். டி.சி. கார்களின் எண் 0251இல் தொடங்குகிறது. அபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251. அதையே முதல் காருக்கு வைத்தார்கள். கடைசிக் காரின் எண் 10251. ஆக மொத்தம் 10,001 கார்கள். இந்த எல்லைக்கு வெளியே ஒரு எண் இருந்தால் அது டி.சி. காரின் எண் அல்ல.

எண்ணைக் கண்டதும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் செய்வதுபோலவே காகிதம் வைத்துப் பென்சில் பிரிண்ட் எடுங்கள். கண்ணுக்குத் தப்பும் விஷயங்கள் அதில் தெரியும்: எழுத்துகளின் வரி கோணுகிறதா, ஒரு எண் மட்டும் ஆழமாக இருக்கிறதா, சுற்றிலும் வெல்டிங் தடம் இருக்கிறதா. வரிசை கோணலாக இருப்பதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டாம், கையால் அடித்த எண் அப்படித்தான் இருக்கும். இரும்பின் பரப்பு அந்த இடத்தில் மட்டும் பள்ளமாகவோ வழவழப்பாகவோ இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: என்ஜின்

டி.சி.யின் என்ஜினுக்கு எக்ஸ்.பி.ஏ.ஜி. என்று பெயர். நான்கு சிலிண்டர், 1250 சி.சி., இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள். எண் பொறித்த பித்தளைத் தகடு எம்.ஜி. சின்னத்தைப் போலவே எண்கோணமாக இருக்கும். அந்த எண்ணோடு எஸ்.சி. என்ற எழுத்துகள் சேர்ந்திருந்தால், ஒற்றைக் கார்புரேட்டர் பூட்டிய எம்.ஜி. ஒய் வகைக் குடும்பக் காரிலிருந்து என்ஜின் வந்திருக்கிறது என்று பொருள். ஓட்டத்துக்குக் குறையில்லை, விலையில் மட்டும் பெரிய வித்தியாசம்.

தகட்டை மாற்றிவிடலாம், மரையை மாற்றுவது கடினம். இந்த என்ஜினின் போல்ட் தலைக்கு விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர்தான் பொருந்தும், ஆனால் மரை மெட்ரிக். காரணம் சுவையானது. மோரிஸ் நிறுவனம் 1923இல் காவென்ட்ரியில் வாங்கிய என்ஜின் தொழிற்சாலை, ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையது. அங்கிருந்த இயந்திரங்கள் மெட்ரிக் அளவில் மரை வெட்டின. இங்கிலாந்து மெக்கானிக்குகளின் கையில் இருந்த ஸ்பேனருக்கு ஏற்பத் தலையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். இன்ச் போல்ட் இறுகப் பொருந்தினால் யாரோ பிளாக்கில் புதுமரை வெட்டியிருக்கிறார்கள்.

படி 3: சக்கரம், அச்சு, உடல்

டி.சி.க்கு 19 அங்குலக் கம்பிச் சக்கரம்; முன்னும் பின்னும் நேர் அச்சு, பட்டை ஸ்பிரிங். அடுத்து வந்த டி.டி.க்கு 15 அங்குலச் சக்கரம். அதன் முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும். எல்லா டி.சி.க்கும் ஸ்டீயரிங் வலப்பக்கம்தான். உடலின் உள்சட்டம் ஆஷ் மரம். இங்கே தேக்கால் மாற்றியிருந்தால் குற்றமில்லை, ஆனால் எழுத்தில் குறித்து வாங்குங்கள்.

டி வகை எம்.ஜி. உருவத்தில் ஃபைபர் உடல் செய்து, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அடித்தளத்தில் பொருத்திய போலிகள் வெளிநாடுகளில் ஏராளம். காந்தம் ஒன்று கையில் இருந்தால் தெரிந்துவிடும். இன்னும் நல்ல துணை, பழவேற்காட்டுக் குப்பங்களில் ஃபைபர் படகு ஒட்டுகிறவர்கள். 2004 சுனாமிக்குப் பின் இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. கண்ணாடியிழை மேட்டும் ரெசினும் கைவந்தவர்கள் அவர்கள். எங்கே ஒட்டு, எங்கே பூச்சு என்பதை விரலால் தட்டியே சொல்லிவிடுவார்கள்.

கார் கடலோரத்தில் நின்றிருந்தால் உப்புக்காற்று சேஸிஸின் மூடிய பகுதிகளை உள்ளிருந்து அரித்திருக்கும். சிறு சுத்தியலால் அடிப்பகுதியைத் தட்டிப் பாருங்கள்.

ஒரு கிளைப்பாதை: வண்டலூர் ஹெரால்டு

நம் ஊரில் அதிகம் சந்திக்கக்கூடியது எம்.ஜி. அல்ல, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்தது. அதன் கூரை போல்ட் போட்டு இறுக்கியது. கழற்றிவிட்டால் “இறக்குமதி ட்ரையம்ஃப் கன்வர்டிபிள்” தயார்! ட்ரையம்ஃப் ஹெரால்டில் நான்கு கதவு மாதிரி இந்தியாவில் மட்டுமே வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 4: காகிதங்கள்

1989க்கு முந்தைய சென்னைப் பதிவெண்கள் பெரும்பாலும் மூன்றெழுத்தில் தொடங்கும். ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு ஆண்டும் பதிவு ஆண்டும் ஒன்றாகவே எழுதியிருந்தால் சேஸிஸ் எண்ணோடு ஒப்பிடுங்கள். 1949இல் தயாரிப்பு நின்ற காருக்கு 1953 எப்படித் தயாரிப்பு ஆண்டாகும்?

பிறகு வெளியே எழுதிக் கேளுங்கள். 1930இல் தொடங்கிய எம்.ஜி. கார் கிளப்பின் டி ரெஜிஸ்டர் பிரிவு இந்த வரிசைக் கார்களுக்கானது. ட்ரையம்ஃப் என்றால் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துக் கட்டணத்துக்குச் சான்றிதழ் தரும். பென்சில் பிரிண்ட், தகட்டின் படம் இரண்டையும் இணைத்து அனுப்புங்கள். பதில் வரும்வரை முன்பணம் வேண்டாம்.

படி 5: வின்டேஜ் பதிவு

2021 விதிகளின்படி 50 ஆண்டு கடந்த காரை வின்டேஜாகப் பதியலாம். எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், கட்டணம் ரூ.20,000, பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க ரூ.5,000. சேஸிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு தவிர அன்றாடப் பயணத்துக்கு அந்தக் காரை எடுக்க முடியாது. சந்தைக்கும் ஆபீசுக்கும் ஓட்டுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் இந்தப் பதிவு உங்களுக்கு ஒத்துவராது.