கணிப்பொறி மாணவருக்கு ஒரு பட்டறைப் பாடம்

லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கப் போனால் நம்மவர் யாராவது நிறுத்திக் கேட்பார்கள்: "சார், பையன் கம்ப்யூட்டர் சயன்ஸ் மூன்றாம் வருடம். இன்டர்ன்ஷிப் எங்கே செய்யலாம்?" நான் ரயில்வே சிக்னல் பிரிவில் ஓய்வு பெற்ற டிப்ளமாக்காரன், மென்பொருள் எழுதியவன் அல்லன். ஆனால் பயிற்சி என்றால் என்ன என்பது தெரியும். அதைச் சொல்கிறேன்.

சென்ற வருடம் என் தங்கை மகன் ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டி, வீட்டிலிருந்தபடியே இரண்டு மாதப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினான். வீடியோ பார்த்தானாம், கடைசியில் வேறொருவர் எழுதிய புரோகிராமில் பெயரை மாற்றி அனுப்பினானாம். வேலைக்கான நேர்முகத்தில் அதில் ஒரு வரியைக் காட்டி, "இது எதற்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். பதில் இல்லை; வேலையும் இல்லை. தங்கை அழுதாள்.

அவனுக்கு நம் ஊர்க் கதை ஒன்றைச் சொன்னேன். பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1955-ல் இங்கிலாந்திலிருந்து ஹெச்.இ.சி.-2எம் என்ற கணிப்பொறியை வாங்கியது. இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கணிப்பொறி அதுதான். அதன் நினைவகம் 1024 சொற்கள் மட்டுமே. மோகி முகர்ஜி, அமரேஷ் ராய் என்ற இருவர் முன்கூட்டியே இங்கிலாந்து சென்று அந்த இயந்திரத்தில் பழகி வந்து, இங்கே அதை நிறுவினார்கள். பிறகு இந்த நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து டிரான்சிஸ்டர்களால் ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 என்ற கணிப்பொறியைத் தாங்களே உருவாக்கின. 1966-ல் அது இயங்கத் தொடங்கியது. இயந்திரத்தோடு பழகியதால் வந்த கல்வி அது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரிலே அறையில் ஒரு வங்காளி மிஸ்திரி என் கையைத் தட்டிவிட்டார். "முதலில் சர்க்யூட்டை வரைந்து காட்டு, பிறகு தொடு" என்றார். மென்பொருளுக்கும் அதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் ஆகிய நான்கு பாடங்களையும் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். பயிற்சியில் வரும் கோளாறுகள் பல இவற்றில் ஒன்றில் போய் நிற்கும்.

2. பணம் கட்டிப் பயிற்சி பெறாதீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்துத் திருத்த ஒரு மூத்தவர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

3. பிறர் எழுதிய புரோகிராமைப் படிக்கப் பழகுங்கள். அது செல்லும் வழியைத் தாளில் வரைந்த பிறகே மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் 'கிட்'டில் காரணத்தோடு பதியுங்கள்.

4. இன்று செயற்கை நுண்ணறிவே புரோகிராம் எழுதித் தருகிறது. உதவி பெறலாம், ஆனால் உங்களால் விளக்க முடியாத ஒரு வரியையும் ஒப்படைக்காதீர்கள்.

5. தினமும் நோட்டில் எழுதுங்கள்: என்ன கோளாறு, எப்படித் தேடினேன், எதனால் வந்தது. நேர்முகத்தில் கைகொடுப்பது இந்த நோட்டுதான்.

என் மருமகன் இப்போது சால்ட் லேக் செக்டார் ஐந்தில் ஒரு சிறிய அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கிறான். போன மாதம் இரவு பத்து மணிக்குப் போன் செய்தான். "மாமா, பில்லில் தேதி மாறி வந்துகொண்டிருந்ததே, அந்தத் தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன்!" என்றான். எதனால் வந்தது என்று கேட்டேன். பத்து நிமிடம் விளக்கினான். எனக்குப் பாதிதான் புரிந்தது. நிரந்தர வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் தங்கை இப்போது அழுவதில்லை.