இரவில் பத்து நிமிஷம்



ஞான ஒடுக்கம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு குடும்பத் தலைவர் பங்கு வீட்டு வாசலில் வந்து நின்றார். "சாமி, ஒடுக்கம் முடிந்த அன்றைக்கே ஒரு காகிதத்தில் எழுதி வைத்தேன். நாலரை மணிக்கு எழும்புவது, தினம் பூசை காண்பது, ஐம்பத்து மூன்று மணி செபமாலை, அரை மணி ஞான வாசகம். பத்து நாள் நடந்தது. பதினோராம் நாள் ராத்திரி வேலை வந்தது. அதோடு எல்லாம் நின்றுபோயிற்று" என்றார்.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாம் வந்த காரியத்தைச் சொன்னார். பரீட்சையில் மார்க்கு குறைந்ததற்காக மூத்த மகனை அவனுடைய சிநேகிதர்கள் முன்னிலையில், "நீ எதற்குப் பிறந்தாய்?" என்று கேட்டுவிட்டாராம். மகன் அவரோடு பேசி ஆறு நாளாகிறது. "இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செபம் சொல்ல, சாமி? முழந்தாளிடவே வெட்கமாயிருக்கிறது" என்றார். இதை அவர் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. மற்றவர்களுக்குப் பிரயோசனமாகுமென்றால், பெயர் சொல்லாமல் எழுதும்படி அவரே அனுமதி தந்திருக்கிறார்.

அவர் எழுதி வைத்த காகிதத்தில் இருந்தவை எல்லாம் நல்லவையே. அவற்றில் ஒன்றையும் குறை சொல்லலாகாது. ஆனால் அந்தக் காகிதத்தில் அவருடைய மகனுக்கு இடமில்லை, அவருடைய கோபத்துக்கும் இடமில்லை. அன்றாடம் நடக்கிற சீவியம் ஒரு பக்கமும் செபம் வேறொரு பக்கமுமாய் இருந்தன. இரண்டையும் சேர்க்கிற வாசற்படி ஒன்று வேண்டும். திருச்சபையில் வெகுகாலமாய் வழங்கிவரும் இரவு ஆத்தும சோதனையே அந்த வாசற்படி. அதற்குப் பத்து நிமிஷம் போதும்.

இந்த அப்பியாசத்தை ஒழுங்குபடுத்தித் தந்தவர்களில் பேர்போனவர் அர்ச். இஞ்ஞாசியார். அவர் துறவியாய்ப் பிறந்தவரல்ல, ஸ்பெயின் தேசத்துப் போர்வீரர். 1521-ம் வருஷம் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய கால் முறிந்தது. லொயோலாவிலுள்ள தம் வீட்டில் படுத்தபடியாய் வீர சாகசக் கதைகள் கேட்டார். அவை அங்கே அகப்படவில்லை. சேசுநாதருடைய சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரமுமே கிடைத்தன. படித்துக்கொண்டு கிடக்கையில் ஒரு காரியத்தைக் கவனித்தார். உலக மகிமையைப் பற்றிய நினைவுகள் நினைக்கும்போது இனித்தன, பிறகு மனதை வறட்சியாய் விட்டுப்போயின. சர்வேசுரனுக்கடுத்த நினைவுகளோ, நினைத்து முடிந்த பின்னும் சந்தோஷத்தை விட்டுச் சென்றன. தன் உள்ளத்தில் நடப்பதைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவரிடத்தில் இவ்விதம் தொடங்கிற்று. பிறகு அவர் எழுதிய 'ஞான முயற்சிகள்' என்னும் சிறு நூலை 1548-ம் வருஷம் 3-ம் சின்னப்பர் பாப்பானவர் அங்கீகரித்தார். 1542-ம் வருஷம் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து வேதம் போதித்த அர்ச். சவேரியாரும் இஞ்ஞாசியாரிடத்தில் இந்த ஞான முயற்சிகளைச் செய்தவரே.

படித்துக்கொண்டிருந்த தம் சபை மாணவர்களுக்கு இஞ்ஞாசியார் நீண்ட நேரச் செபத்தை விதிக்கவில்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தார். ஆனால் அந்த ஒரு மணிக்குள்ளே இரண்டு ஆத்தும சோதனை அடங்கவேண்டும் என்று ஏற்படுத்தினார். வேலை மிகுந்தவர்களுக்கு இது எவ்வளவு அவசியமென்று அவர் கண்டிருந்தார்.

இனி அதைச் செய்யும் விதம் யாதெனில்:

முதலாவது, நன்றி. பாவத்தைத் தேடுமுன் இன்று பெற்ற நன்மைகளைத் தேடுங்கள். காய்ச்சல் விட்ட குழந்தை, தவறாமல் வந்த தண்ணீர், கைமாற்றுக் கேட்டபோது முகம் சுளிக்காமல் தந்த அயல்வீட்டார், இவற்றைப் பெயர் பெயராய்ச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி கூறுங்கள். அநேகர் இந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள். ஆகையால்தான் அவர்களுக்கு ஆத்தும சோதனை கசப்பாயிருக்கிறது.

இரண்டாவது, வெளிச்சம். நம்முடைய குற்றம் நம் கண்ணுக்கு இலேசில் தெரியாது. இஸ்பிரீத்து சாந்துவானவர் காட்டியருளும்படி மன்றாடுங்கள்.

மூன்றாவது, நாளைத் திரும்பப் பார்த்தல். எழுந்தது முதல் இந்நேரம் வரைக்கும் மணிவாரியாய் நடந்து வாருங்கள். அடுப்பங்கரையில் என்ன பேசினேன்? பஸ்ஸில் யாரை இடித்துத் தள்ளினேன்? கடையில் நிறுவையும் கணக்கும் சரியாயிருந்தனவா? மாமியாரைப் பற்றி, மருமகளைப் பற்றி யாரிடத்தில் என்ன சொன்னேன்? நினைவு, வாக்கு, கிரியை மூன்றையும் பாருங்கள்.

நான்காவது, மனஸ்தாபம். கண்ட குற்றத்துக்குச் சாக்குச் சொல்லாமல் மன்னிப்புக் கேளுங்கள். சுவிசேஷத்தில் ஆயக்காரன் தூரத்தில் நின்று மார்பில் அறைந்துகொண்டு நீதிமானாய் வீடு திரும்பினான். தன் புண்ணியங்களை எண்ணிக் காட்டிய பரிசேயனோ அப்படித் திரும்பவில்லை. கனமான பாவம் உண்டென்று கண்டால், பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் நாளையும் அப்பொழுதே குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, நாளைக்கான பிரதிக்கினை. "இனிமேல் நல்லவனாயிருப்பேன்" என்பது பிரதிக்கினையல்ல. "நாளைக் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது கத்தமாட்டேன்" என்பதே பிரதிக்கினை. கடைசியில் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லி முடியுங்கள்.

இத்தோடு இன்னொரு உபாயத்தையும் இஞ்ஞாசியார் கற்பிக்கிறார். எல்லாக் குற்றத்தையும் ஒரே நாளில் பிடுங்கப் பார்க்காமல், ஒன்றை மாத்திரம் தெரிந்துகொள்ளச் சொல்கிறார். காலையில் எழும்போது அதற்கு விரோதமாய் எச்சரிக்கையாயிருக்கத் தீர்மானிப்பது. அதில் விழும்போதெல்லாம் கையை மார்பில் வைத்து மனஸ்தாபப்படுவது. மத்தியானமும் இரவும் எத்தனை தடவை விழுந்தோமென்று புள்ளி வைத்து, நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. மார்பில் கை வைப்பதைப் பக்கத்திலிருப்பவர்களுக்குத் தெரியாமலே செய்யலாமென்றும் சொல்கிறார். உங்கள் வீட்டில் பால் கணக்கு எழுதுகிற காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்தால் போதும். அது என்ன புள்ளி என்று உங்களுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும்.

இதற்கு வரும் தடைகளையும் சொல்லவேண்டும். களைப்பு ஒன்று. பாயில் சாய்ந்த பிறகு தொடங்கினால் முதற்படியிலேயே உறங்கிப்போவீர்கள். ஆகையால் இராச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்தவுடனே, குடும்ப செபத்தோடு சேர்த்துச் செய்யுங்கள். கைத்தொலைபேசியை அந்தப் பத்து நிமிஷத்துக்கு வேறு அறையில் வையுங்கள். இரண்டாவது தடை மனக்கலக்கம். தீர்ந்த பாவத்தையே திரும்பத் திரும்பக் கிளறுவது ஆத்தும சோதனையாகாது. அப்படிப்பட்டவர்கள் நேரத்தைக் குறைத்து, நன்றியைக் கூட்டி, தங்கள் ஆத்தும குருவின் சொற்படி நடக்கவேண்டும். மூன்றாவது தடை, தவறிப்போன நாள். நேற்று விட்டுவிட்டால் இன்று இரட்டிப்பாய்ச் செய்யவேண்டாம். இன்றைக்கு உரியதை இன்று செய்யுங்கள். பதினோராம் நாள் நின்றுபோனவர்கள் பன்னிரண்டாம் நாள் தொடங்கலாம். அதைத் தடுப்பவர் சர்வேசுரனல்ல.

அந்தத் தகப்பனாரிடம், "காகிதத்தை இப்போதைக்கு மடித்து வையுங்கள். இன்றிரவு இந்தப் பத்து நிமிஷத்தை மாத்திரம் செய்யுங்கள்" என்றேன். பொழுது சாயுமுன் கோபத்தை விட்டுவிட வேண்டுமென்று அர்ச். சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 4-ம் அதிகாரத்தில் புத்தி சொல்வதையும் நினைப்பூட்டினேன். "ஆறு பொழுது சாய்ந்துவிட்டதே, சாமி" என்றார். "ஏழாவது சாயவில்லையே" என்றேன்.

அன்றிரவு மூன்றாம் படிக்கு வந்ததும் அதற்குமேல் அவரால் போக முடியவில்லையாம். எழுந்து மகன் படுத்திருந்த இடத்துக்குப் போய், "அப்பா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னித்துக்கொள்" என்றார். மகன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான், பதில் பேசவில்லை. அவர் திரும்பி வந்து நான்காம் படியையும் ஐந்தாம் படியையும் செய்து முடித்தார். நான்கு நாள் கழித்துக் காலையில், "அப்பா, சைக்கிள் சாவி எங்கே?" என்று கேட்டானாம். இதைச் சொல்லும்போது அந்த மனுஷனுக்குக் குரல் தழுதழுத்தது.

அவருக்குக் கோபம் இன்னும் வருகிறது. காலண்டரில் புள்ளிகளும் விழுகின்றன. ஆனால் முழந்தாளிட வெட்கப்படுவதில்லை. ஒளிக்கவேண்டியதை ஒளிக்காமல் கொண்டுபோக ஓர் இடம் அவருக்குக் கிடைத்துவிட்டது. செபமாலையும் மெள்ள வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. நாலரை மணிக்கு எழும்புவது மட்டும் இன்னும் கைகூடவில்லை. பரவாயில்லை.

இவ்வார அநுஷ்டானம்: இன்றிரவு தொடங்கி அடுத்த ஞாயிறு வரைக்கும், இரவுச் செபத்தின் முடிவில் விளக்கு அணைக்குமுன் இந்த ஐந்து படிகளையும் செய்யுங்கள். சிறு பிள்ளைகளுக்கு இரண்டே கேள்வி போதும்: இன்றைக்கு எதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறாய்? யாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்? பிள்ளைகள் சொல்லுமுன் பெற்றோர் தங்கள் பதிலைச் சொல்லட்டும்.