மெய்யான குருவை அறிவது எப்படி?

கேள்வி: பௌத்த மார்க்கத்தில் ஒருவர் மெய்ஞ்ஞானம் வாய்ந்த ஆசாரியர்தாமா என்பதை எவ்வாறு அறிவது?

பதில்: சிராவஸ்தியில் ஒரு மாலைப்பொழுதில், நகமும் உரோமமும் நீள வளர்த்துக் காவடி சுமந்து சென்ற துறவிகளைக் கண்டு எழுந்து வணங்கிய கோசல மன்னன் பசேநதி, இவர்கள் ஆசைகளை முற்றும் வென்ற அரஹந்தர்கள் அல்லரோ என்று வினவியபோது, ஒருவருடைய சீலம் கூடி வாழ்வதிலும், நேர்மை கொடுக்கல் வாங்கலிலும், மனவுறுதி ஆபத்திலும், பிரக்ஞை உரையாடலிலுமே புலப்படும், அதுவும் நெடுங்காலம் கூர்ந்து கவனிப்பவருக்கே என்று புத்தர்பிரான் உபதேசித்தார். அத்துறவிகள் தன் ஒற்றர்களே என்றும், புழுதி போக நீராடி வெள்ளாடை உடுத்துப் போகங்களில் திளைப்பார்கள் என்றும் மன்னன் ஒப்புக்கொண்டதைச் சம்யுத்த நிகாயம் என்னும் பௌத்த நூல் கூறுகிறது. ஆகவே, வேஷத்தில் மயங்காமல், லோபமும் துவேஷமும் மோகமும் ஆசாரியருடைய நடத்தையில் தலைகாட்டுகின்றனவா என்று பொறுமையோடு பாருங்கள்; தம்மையே சீடர்கள் பரீட்சிக்கலாம் என்று ததாகதராகிய புத்தரே இசைந்திருக்க, பரீட்சைக்கு அஞ்சுகிறவரைக் குருவாகக் கொள்வது தகாது.