ஒரு கேள்வி, ஐந்து படங்கள்: கல்லூரியில் உலகத் திரைப்பட விழா நடத்துவது எப்படி?

கல்லூரியில் உலகத் திரைப்பட விழா என்றதும் அமைப்பாளர்கள் முதலில் எழுதுவது நாடுகளின் பட்டியலைத்தான். ஈரானிலிருந்து ஒன்று, கொரியாவிலிருந்து ஒன்று, பிரான்ஸிலிருந்து இரண்டு என்று சேர்த்துக்கொண்டே போய், மூன்று நாளில் பதினைந்து படங்கள் என்று சுவரொட்டி அடிக்கிறார்கள். முதல் நாள் அரங்கு நிறைகிறது. மூன்றாம் நாள் பிற்பகலில் ஒருங்கிணைப்பாளரும் தன்னார்வ மாணவர்களும்தான் மிச்சம். மாணவர்களுக்கு ரசனை இல்லை என்று அதற்குக் காரணம் சொல்வது சுலபம், ஆனால் நியாயமில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பதினைந்து படங்களை, பழக்கமில்லாத மொழிகளில், மங்கலான திரையில், பேச நேரமே தராமல் காட்டினால் யாருடைய கவனமும் கலைந்துதான் போகும். விழாவை மாணவர்களின் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கிற ஒரு கேள்வியைச் சுற்றி அமைக்க வேண்டும். படங்கள் ஐந்துக்கு மேல் போகக் கூடாது. அந்த ஐந்துக்கும் தமிழ் சப்டைட்டில், ஒழுங்கான திரையிடல், படம் முடிந்ததும் பேச அரை மணி நேரம் ஆகியவற்றை உறுதிசெய்ய வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த முடிவிலிருந்துதான் கிளைக்கிறது.

குறைவான படங்களே ஆழமாகப் பதியும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. 1952 ஜனவரியில் பம்பாயில் தொடங்கிய இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா, சென்னை உட்பட மற்றப் பெருநகரங்களுக்கும் போனது. ஏராளமான படங்கள் காட்டப்பட்டன. ஆனால் இந்திய சினிமாவின் போக்கில் அந்த விழா விட்டுச்சென்ற தடம் என்று இன்றும் சொல்லப்படுவது, எளிய மனிதர்களின் அன்றாட வாழ்வைப் படமாக்கிய இத்தாலிய நியோரியலிசம்தான். குறிப்பாக விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. அடுத்த ஆண்டே வந்த பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ படத்தில் அதன் பாதிப்பைக் காணலாம். நிலத்தை மீட்கக் கல்கத்தாவுக்குப் போய் ரிக்‌ஷா இழுக்கும் விவசாயியின் கதை அது. இதற்கு எதிராக ஒருவர் சத்யஜித் ராயைக் காட்டலாம். 1950-இல் லண்டனில் தங்கியிருந்த சில மாதங்களில் அவர் ஏறத்தாழ நூறு படங்கள் பார்த்தார்; அளவு முக்கியமில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ராய் 1947-லேயே நண்பர்களுடன் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கி, படம் பார்ப்பதும் விவாதிப்பதும் எழுதுவதுமாக மூன்று ஆண்டுகள் கழித்தவர். பழகிய கண்ணோடு லண்டனுக்குப் போனார். கல்லூரி விழாவுக்கு வருகிற முதலாண்டு மாணவரிடம் அந்தப் பழக்கத்தை எதிர்பார்க்க முடியாது. அதை உண்டாக்கத்தான் விழாவே. நியூயார்க்கில் 1947 முதல் 1963 வரை ‘சினிமா 16’ என்ற சங்கத்தை நடத்திய ஏமஸ் வோகல், அறிவியல் படம், ஆவணப்படம், சோதனை முயற்சி எல்லாவற்றையும் ஒரே மாலையில் உரசவிட்டார். ஒரு படம் மற்றொன்றின் மேல் கேள்வி எழுப்பும்படி வரிசைப்படுத்துவதே அவருடைய முறை. உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள்.

ஆகவே முதல் வேலை, விழாவுக்கு மூன்று மாதம் முன்பே ஒரு கேள்வியைத் தேர்ந்துகொள்வது. ‘மனிதநேயம்’, ‘பெண்மை’ போன்ற தலைப்புகள் எல்லாப் படத்துக்கும் பொருந்தும் என்பதால் எதற்கும் பயன்படாது. ‘ஒரு வேலைக்காக ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போகலாம்?’ என்று கேட்டுப் பாருங்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அஞ்சிக்கொண்டிருக்கும் இறுதியாண்டு மாணவருக்கு இது வெறும் சினிமாக் கேள்வி இல்லை. இப்போது படங்கள் தாமாகவே கிடைக்கும். சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) தொழிற்சாலைப் பட்டையின் வேகத்துக்கு உடலை முறுக்கும் தொழிலாளியைக் காட்டுகிறது. உரையாடல் மிகக் குறைவு, நீளம் ஒன்றரை மணி நேரத்துக்குள். தொடக்கப் படமாக இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) படத்தில் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கச் சைக்கிள் வேண்டும். அந்தச் சைக்கிள் முதல் நாளே திருட்டுப்போகிறது. நாயகனாக நடித்த லம்பெர்த்தோ மஜோரானியே ஓர் ஆலைத் தொழிலாளி. செனகல் நாட்டு உஸ்மான் செம்பேனின் ‘பிளாக் கேர்ள்’ (1966), டக்காரிலிருந்து பிரான்ஸுக்கு வீட்டு வேலைக்குப் போகும் இளம்பெண்ணைப் பற்றியது. மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய செம்பேன் முதலில் நாவலாசிரியர்; தன் மக்களில் பெரும்பாலோர் படிக்கத் தெரியாதவர்கள் என்பதால் சினிமாவுக்கு வந்தவர். படம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். பெல்ஜியத்தின் தார்தென் சகோதரர்கள் எடுத்த ‘டூ டேஸ், ஒன் நைட்’ (2014) படத்தில், உடன் வேலை செய்பவர்கள் ஆயிரம் யூரோ போனஸை விட்டுக்கொடுத்தால்தான் சாண்ட்ராவுக்கு வேலை நிலைக்கும். சனி, ஞாயிறு முழுவதும் அவள் வீடு வீடாகப் போய்க் கேட்கிறாள். ஐந்தாவதாக வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010). ரங்கநாதன் தெருக் கடைப்பிள்ளைகள் ரோம் நகரத் தொழிலாளிக்கும் டக்கார் பெண்ணுக்கும் பக்கத்தில் வந்து நிற்கும்போது, உலக சினிமா என்பது வெளியூர்ச் சரக்கு என்ற எண்ணம் அரங்கிலேயே உடைகிறது. தமிழ்ப் படத்தைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

இப்படிச் செய்தால் ஆசியாவின் மற்ற நாடுகளும் லத்தீன் அமெரிக்காவும் விடுபடுகின்றனவே என்பது முதல் ஆட்சேபம். உண்மைதான், விடுபடுகின்றன. அடுத்த ஆண்டுக் கேள்வி அவற்றைக் கொண்டுவரட்டும். ‘பிள்ளைகள் பெரியவர்களிடமிருந்து எதை மறைக்கிறார்கள்?’ என்று கேட்டால் ஈரான் முன்னால் வந்து நிற்கும். கண்டத்துக்கு ஒரு படம் என்று பங்கிட்டால், அந்த ஒரு படமே அந்த நாட்டின் முகம் என்று மாணவர் எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. இரண்டாவது ஆட்சேபம் இதைவிட வலுவானது. எல்லாம் கைபேசியில் கிடைக்கும்போது விழா எதற்கு? கிடைப்பது என்னவோ உண்மைதான். ஆனால் கிடைக்கும் படத்தை யாரும் பார்த்து முடிப்பதில்லை. பார்த்தாலும் பேசுவதற்கு ஆள் இல்லை. சாண்ட்ரா கதவைத் தட்டும்போது திறந்த மனிதர் சொல்லும் பதிலைக் கேட்டு அரங்கில் பாதிப் பேர் சினந்து, பாதிப் பேர் ‘அவர் சொல்வதும் நியாயம்தானே’ என்று நினைப்பது தனியறையில் நடக்காது. விழா தர வேண்டியது அந்த அனுபவத்தை. அதைத் தராத விழாவுக்கு இந்த ஆட்சேபம் முழுமையாகப் பொருந்தும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

படங்கள் முடிவானதும் உரிமை. இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறவர்கள்தான் அதிகம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு தருகிறது. நிறுவனத்தின் செயல்பாடுகளின் பகுதியாக, ஆசிரியர்கள், மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் ஆகியோருக்கு மட்டும் படம் காட்டுவது உரிமை மீறல் ஆகாது. ஊரார், பிற கல்லூரி மாணவர்கள் எல்லோரையும் அழைத்தால் இந்த விலக்கு போய்விடும்; உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். அப்போது தணிக்கைச் சான்றிதழ் இல்லாத வெளிநாட்டுப் படங்களுக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கும் தேவைப்படும். அது கிடைக்காமலும் போகலாம்: 2017-இல் கேரளத்தின் சர்வதேச ஆவணப்பட விழாவில் மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. முதல் முறை நடத்துகிறவர்கள் வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது. இந்தியாவில் திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். பழைய படங்களில் சிக்கல் குறைவு என்பது இதனால். விலக்கு இருக்கிறது என்பதற்காகத் திருட்டுப் பிரதியை ஓட்டக் கூடாது. சட்டப்படி வாங்கிய டிஸ்க் வேண்டும். ஓ.டி.டி. தளங்களின் தனிநபர்க் கணக்கு பொதுவாகப் பொதுத் திரையிடலை அனுமதிப்பதில்லை. புரொஜெக்டரில் இணைத்தால் ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாகவே நிற்பதும் உண்டு. சென்னையின் அலியான்ஸ் பிரான்சேஸ், கோத்தே இன்ஸ்டிட்யூட், கொரியப் பண்பாட்டுக்கான இன்கோ மையம், புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு ஆகியவற்றுக்குத் துறைத்தலைவர் கையெழுத்தோடு கடிதம் எழுதிக் கேட்கலாம். இவர்களிடம் படம் இருக்கும். இல்லாவிட்டால் யாரிடம் இருக்கிறது என்ற தகவலாவது இருக்கும்.

அடுத்தது சப்டைட்டில். என் பார்வையில் விழாவின் உயிரே இதில்தான் இருக்கிறது. உழைப்பில் பாதியை இங்கே செலவழிக்கலாம். ஆங்கில சப்டைட்டில் போதும், எல்லோரும் பட்டதாரி மாணவர்கள்தானே என்பார்கள். தமிழ்வழியில் படித்து வந்த மாணவருக்கு ஆங்கிலம் புரியாது என்பது பிரச்சினையில்லை. வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. கண் திரையின் அடிப்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. நடிகரின் முகத்தைப் பார்க்க நேரமில்லை. அவர் படத்தைப் பார்க்காமல் படித்துவிட்டுப் போகிறார். தமிழ்த்துறை, ஆங்கிலத்துறை மாணவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால், ஒரு படத்துக்கு இரண்டு வாரத்தில் தமிழ் வரிகளை ஆக்கிவிடலாம். ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு நொடிக்குக் குறைவாக எந்த வரியும் நிற்கக் கூடாது. தமிழில் சொற்கள் நீளமாவதால் ஆங்கில வரியை அப்படியே பெயர்த்தால் இடம் போதாது, சுருக்குவதுதான் வேலை. முகபாவத்திலேயே தெரிகிற செய்தியை வரியில் விட்டுவிடலாம். ‘நீங்கள் என்னை ஏமாற்றிவிட்டீர்கள் என்று நான் கருதுகிறேன்’ என்பதைவிட ‘ஏமாத்திட்டீங்கல்ல?’ என்பதை வேகமாகப் படிக்க முடியும், அது காதிலும் விழும். சாண்ட்ரா தன் சக தொழிலாளியை ‘நீங்க’ என்பாளா ‘நீ’ என்பாளா என்று மொழிபெயர்ப்பாளர்கள் உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும். அந்த முடிவில் அவர்களுடைய உறவு முழுவதும் அடங்கியிருக்கிறது. கோப்பை எஸ்.ஆர்.டி. வடிவில், யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள்; இல்லாவிட்டால் திரையில் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரியும். உரிமையாளரிடம் அனுமதி கேட்கும் கடிதத்திலேயே தமிழ் வரிகளுக்கும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

திரையிடலைப் பொறுத்தவரை, கல்லூரி ஆடிட்டோரியங்கள் பேச்சுக்காகக் கட்டப்பட்டவை, சினிமாவுக்காக அல்ல. முதல் எதிரி வெளிச்சம். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மறைக்காமல் எவ்வளவு நல்ல புரொஜெக்டர் வைத்தாலும் பலனில்லை. இருநூறு பேர் அமரும் இடத்துக்கு 5,000 லூமென் அளவுள்ள புரொஜெக்டராகப் பார்த்து வாடகைக்கு எடுங்கள். ‘மாடர்ன் டைம்ஸ்’, ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ இரண்டும் ஏறத்தாழச் சதுரத்துக்கு நெருங்கிய பழைய சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. திரை முழுக்க நிரப்ப வேண்டும் என்று பக்கவாட்டில் இழுத்தால் மனிதர்கள் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். இரு பக்கமும் கறுப்பு இருக்கட்டும். மேடை ஒலிபெருக்கிகளில் எதிரொலி அதிகம் என்பதால் ஒலியைக் கூட்டுவதைவிட பாஸைக் குறைத்துப் பாருங்கள். விழாவுக்கு முந்தைய நாள் ஐந்து படங்களையும் அதே கணினி, அதே கேபிள், அதே அரங்கில் பத்துப் பத்து நிமிடமாவது ஓட்டி, கடைசி வரிசையிலிருந்து சப்டைட்டில் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கணினியில் அப்டேட், வாட்ஸ்அப் அறிவிப்பு, ஸ்கிரீன்சேவர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மின்தடைக்கு யு.பி.எஸ். இருக்கட்டும்.

கால அட்டவணையை முடிவுசெய்வது கல்லூரிப் பேருந்து. நாலரை மணிக்குப் பேருந்து கிளம்பினால், வீட்டிலிருந்து வருகிற மாணவர்கள், குறிப்பாக மாணவிகள், நாலேகாலுக்கு எழுந்துவிடுவார்கள். மாலைக் காட்சி வைத்துவிட்டுக் கூட்டம் வரவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. ஒன்றரை மணிக்குத் தொடங்கினால் தொண்ணூறு நிமிடப் படமும் அரை மணி நேரப் பேச்சும் முடிந்து இன்னும் கொஞ்சம் நேரம் மிஞ்சும். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஓடும் ‘அங்காடித் தெரு’வைச் சனிக்கிழமை காலைக்கு வையுங்கள். இன்டர்னல் தேர்வு வாரத்தைத் தவிர்க்கவும். முதல்வரிடம் தரும் விண்ணப்பத்தில் ஒவ்வொரு படத்தின் கதைச்சுருக்கத்தையும், சங்கடம் தரக்கூடிய காட்சிகள் எவை என்பதையும் மறைக்காமல் எழுதுவது நல்லது. முதலாண்டு மாணவர்களில் பதினெட்டு நிரம்பாதவர்கள் இருப்பார்கள். முன்பே எழுதிக் கொடுத்த ஒரு பக்கம், இடையில் யாராவது புகார் கிளப்பும்போது படத்தையும் மாணவர்களையும் காப்பாற்றும்.

தொடக்க விழாவைச் சுருக்க மன உறுதி வேண்டும். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை என்று ஒரு மணி நேரம் போனால், பேருந்துக் கணக்கில் அது கலந்துரையாடலைத்தான் தின்னும். விருந்தினர் வந்தே ஆக வேண்டுமென்றால் படம் முடிந்த பிறகு, பார்த்தவர்களில் ஒருவராகப் பேசட்டும். அறிமுகம் ஐந்து நிமிடம்: எந்த ஆண்டு, எந்தச் சூழல், எதைக் கவனிக்கலாம். கதையைச் சொல்லக் கூடாது. கலந்துரையாடலை ஒரு மாணவர் நடத்துவதே நல்லது. பேராசிரியர் மேடையில் இருந்தால் பதில்கள் தேர்வு விடைபோல வரத் தொடங்கும். ‘படம் எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்தது’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். கண்ணால் கண்டதிலிருந்து தொடங்குங்கள்: ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தின் கடைசிக் காட்சியில் மகன் அப்பாவின் கையைப் பிடிக்கும்போது அப்பாவின் முகம் எப்படி இருந்தது? அங்கிருந்து முந்தைய நாள் படத்துக்குப் பாலம் போடலாம்: சாப்ளின் நடந்துபோகும் சாலை இவர்களுக்கு ஏன் இல்லை? யாருமே பேசாவிட்டால் துண்டுச் சீட்டு கொடுத்து எழுதச் சொல்லி, பெயர் சொல்லாமல் வாசியுங்கள். கூச்சப்படுகிற மாணவர்களிடமிருந்து கூர்மையான கருத்துகள் இப்படி வருவதுண்டு.

விழா முடிந்த வாரத்திலேயே செய்ய வேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது. தமிழ் சப்டைட்டில் கோப்புகள், அனுமதிக் கடிதங்களின் நகல், எந்தப் படத்துக்கு எத்தனை பேர் கடைசிவரை இருந்தார்கள் என்ற கணக்கு, செலவு விவரம், துண்டுச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே கோப்பாகக் கட்டித் துறை நூலகத்தில் வையுங்கள். ஒரு நகலை இரண்டாமாண்டு மாணவர்கள் இருவரிடம் கொடுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் ஏப்ரலில் போய்விடுவார்கள். அடுத்த விழாவின் கேள்வியை ஜூலையில் அந்த இருவர்தான் தேட வேண்டும்.