ஒரு மதிப்பெண் விடையும் ஜூன் 19-ம்

"அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்தவர் யார்? எந்த ஆண்டு?" "ஆபிரகாம் லிங்கன், 1863" என்று எழுதிய விடைத்தாள்களுக்குப் பல ஆண்டுகள் சரி போட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், அப்ப டிவி, போன் எதுவும் கிடையாதே. லிங்கன் சொன்னது அன்னைக்கே எல்லாருக்கும் எப்படித் தெரிஞ்சுது?" நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் கரும்பலகையில் காலக்கோடு வரைந்தோம். 1863 ஜனவரி 1-இல் லிங்கனின் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. அரசை எதிர்த்துப் போரிட்ட தென் மாநிலங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். அரசின் பக்கம் நின்ற கென்டக்கி, டெலவேர் போன்ற மாநிலங்களில் அடிமை முறை தொடர்ந்தது. தெற்கிலும் அரசுப் படை போய்ச் சேர்ந்த இடத்தில்தான் விடுதலை நடைமுறையானது. டெக்சாஸ் தொலைவில் இருந்தது. அதனால் பிற மாநில எஜமானர்கள் பலர் தம் அடிமைகளை அங்கே ஓட்டிச் சென்றனர். 1865 ஏப்ரலில் தென்பகுதித் தளபதி லீ சரணடைந்த பிறகும் அங்கே எதுவும் மாறவில்லை. ஜூன் 19 அன்று கால்வெஸ்டன் துறைமுக நகரில் தளபதி கார்டன் கிரேஞ்சர் பொது ஆணை எண் 3-ஐ வெளியிட்டார். அப்போது டெக்சாஸில் சுமார் 2,50,000 பேர் அடிமைகளாக இருந்தனர். ஆக, தந்தி, தபால் மட்டும் காரணமல்ல. செய்தி தெரிந்த எஜமானர்களை அதற்குக் கட்டுப்பட வைக்க அங்கே படை இல்லை.

அந்த ஆணையின் சாரத்தைத் தமிழில் எழுதிக் குழுக்களுக்குக் கொடுத்தேன். அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றனர். எஜமானர் இனி வேலை கொடுப்பவர், அடிமை கூலிக்கு உழைப்பவர். விடுதலை பெற்றோர் இப்போது உள்ள இடத்திலேயே அமைதியாக இருந்து வேலை செய்ய வேண்டும். படை முகாம்களில் கூடக் கூடாது.

"விடுதலைன்னு சொல்லிட்டு, அதே வீட்டுலயே இருன்னா என்ன அர்த்தம் டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி. "கூலி குடுக்கணும்ல, அது வேறதானே?" என்றது அடுத்த குழு. கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் பலர் அந்த வகுப்பில் உண்டு. விவாதம் மணி அடித்தும் முடியவில்லை. நானும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆணையையும் மீறிப் பலர் உடனே கிளம்பினார்கள் என்பதை மட்டும் சொன்னேன். விற்கப்பட்டுப் பிரிந்துபோன உறவுகளைத் தேடிப் போனவர்கள் அவர்களில் உண்டு.

1866 முதல் டெக்சாஸ் கறுப்பின மக்கள் ஜூன் 19-ஐக் கொண்டாடத் தொடங்கினர். வழிபாடு, பிரகடன வாசிப்பு, கூட்டு விருந்து, பின்னாளில் சிவப்பு நிறப் பானம். ஜூன் என்பதையும் பத்தொன்பதாவது என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து 'ஜூன்டீன்த்' என்றார்கள். கூடுவதற்கு இடம் வேண்டுமே! ஹூஸ்டனில் 1872-இல் தாங்களே பணம் திரட்டிப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 'விடுதலைப் பூங்கா' என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. டெக்சாஸில் 1980 முதல் இந்த நாள் அரசு விடுமுறை. நாடு முழுவதற்கும் ஆனது 2021-இல்தான்.

இப்போது வினாவை மாற்றிவிட்டேன்: "1863 ஜனவரி 1, 1865 ஜூன் 19, அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்த அரசியலமைப்புத் திருத்தம் ஏற்கப்பட்ட 1865 டிசம்பர் 6. இவற்றில் நீ எந்த நாளைக் கொண்டாடுவாய்? காரணம் தருக." ஐந்து மதிப்பெண். முதலில் கேள்வி கேட்ட மாணவன் மூன்றையும் விட்டுவிட்டு, 1872 என்று எழுதியிருந்தான். காரணம்: "அன்னைக்குத்தான் அவங்களுக்குன்னு சொந்த இடம் வந்துச்சு." ஐந்துக்கு ஐந்து போட்டேன்.